நாற்பத்து மூன்று இரும்புக் கடைகள்

ஒட்டுத்தாளின் முதுகைப் பெருவிரல் நகத்தால் கிள்ளி உரித்துக்கொண்டே, "எத்தனை காப்பி?" என்று கேட்கிறார் ஜெராக்ஸ் கடைக்காரர். நாம் வாயைத் திறப்பதற்குள் ஒட்டியும் விடுகிறார். இன்று ஒட்டியது தண்ணீர் பாட்டில் மேல். 'தண்ணீர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பாட்டிலோ உள்ளே இருப்பது அப்படியே தெரிகிற பாட்டில்.

"இதுக்கு எதுக்கு அண்ணே லேபிள்? கண்ணு தெரியாதா எங்களுக்கு?" என்றேன்.

"பழக்கம் விட்டுப்போயிடக் கூடாதுல்ல மேடம்" என்றார். மார்க்கர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அந்தப் பையில் எப்போதும் இரண்டு பொருள்கள் இருக்கும், ஒரு கறுப்பு மார்க்கரும் ஒரு அட்டை வெள்ளை ஒட்டுத்தாளும். மற்றவர்கள் பேனாவும் கைபேசியும் வைத்துக்கொள்கிற இடம் அது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத் துறைக் கட்டடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது அவருடைய ஜெராக்ஸ் கடை. நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்குள் இரண்டு இயந்திரங்கள், ஒரு வெட்டுக் கத்தி, சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் லேபிள். 'சின்ன பின்', 'பெரிய பின்', 'கத்தரிக்கோல் (யாராவது திருப்பி வைத்திருந்தால்)', 'துடைக்கிற துணி', 'இனிமேல் துடைக்க வேண்டிய துணி', 'என் கண்ணாடி'. இயந்திரங்களில் ஒன்றுக்கு 'சாது' என்றும் இன்னொன்றுக்கு 'கோபக்காரி, மெதுவாக மூடவும்' என்றும் எழுதியிருக்கிறார். மத்தியானத்தில் அவருக்குச் சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி லேசுப்பட்டவரில்லை. ஒரு நாள் அவருக்கே தெரியாமல் சட்டை முதுகில் ஒரு லேபிள் ஒட்டிவிட்டுப் போனார். 'பசித்தாலும் சொல்ல மாட்டார். நீங்களே கேட்கவும்.' சாயங்காலம் வரை கடைக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் "அண்ணே, சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க, இன்றைக்கு என்ன எல்லாருக்கும் இவ்வளவு பாசம் என்று மனிதர் நெகிழ்ந்து போயிருக்கிறார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த லேபிள்களால் கடை தானாகவே நடக்கிறது. அவர் வெளியே போயிருந்தால் அவசரத்துக்கு வருகிற பிள்ளை உள்ளே போய், தாள் எங்கே, பின் எங்கே என்று ஒருவரையும் கேட்காமல் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். "நான் இல்லைன்னாலும் கடை இருக்கணும் மேடம்" என்பார். இதை அவர் சொல்லும்போது பெருமையாகச் சொல்வது மாதிரி இருக்காது. வேறு எதையோ நினைத்துக்கொண்டு சொல்வது மாதிரி இருக்கும். என்னவென்று நான் கேட்டதில்லை. ஆசிரியர் வேலையில் அது ஒரு வியாதி. நாமே பேசிப் பேசி, கேட்கிற பழக்கம் போய்விடும்.

பிள்ளைகள் அவரை 'ஜெராக்ஸ் அண்ணன்' என்பார்கள். நானும் அப்படித்தான். அவர் என்னைவிட ஆறு வயது சின்னவர் என்று தெரிந்த பிறகும் மாற்றிக்கொள்ள வாய் வரவில்லை.

அவருக்கு இன்னொரு குணம் உண்டு. கையில் வருகிற தாளைப் படிக்க மாட்டார். சத்தியம் செய்தவர் மாதிரி. தாள் கைக்கு வந்ததும் முகத்தைப் பார்க்காமல் கவிழ்த்துவிடுவார். மருத்துவச் சீட்டு, வீட்டுப் பத்திரம், காதல் கடிதம், தேர்வில் கோட்டைவிட்ட மதிப்பெண் பட்டியல் என்று எல்லாம் அந்தக் கண்ணாடி மேல் குப்புறப் படுத்து எழுந்து போயிருக்கிறது. "நாலு பேர் நம்பிக் குடுக்கறாங்க. அவங்க வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்த மாதிரில்ல ஆயிடும்?" என்பார். தாள் தலைகீழாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால்கூட ஓரத்தை மட்டும் பார்ப்பார். இந்த நல்ல குணம்தான் போன மாதம் நாற்பத்து மூன்று பிள்ளைகளின் படிப்புக்கு உலை வைக்கப் பார்த்தது.

எங்கள் துறையில் சேருவதற்கான விண்ணப்பத்தில் பதினான்காவது கேள்வி இது: 'வணிக நிர்வாகத்தைப் படிக்க நீங்கள் தேர்ந்தெடுத்த காரணம் என்ன?' சொந்தக் கையெழுத்தில் நான்கு வரி எழுத வேண்டும். முப்பது வருடங்களாக இந்தக் கேள்வியை யாரும் மாற்றவில்லை. வரிகளின் எண்ணிக்கையையும் மாற்றவில்லை. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பெயர், பிறந்த நாள், மதிப்பெண் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டு இந்த இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கடிக்க ஆரம்பித்துவிடும். பதினான்குக்கு மட்டும் பத்து மதிப்பெண். இடம் கிடைப்பதும் நழுவுவதும் பெரும்பாலும் அந்தப் பத்தில்தான்.

முன்பெல்லாம் விண்ணப்பங்களை ஆறு ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டு படிப்போம். இந்த வருடம் புதிதாக வந்த துறைத் தலைவர், "ஆளுக்கு ஒரு அளவுகோல் கூடாது. ஒருத்தரே எல்லாத்தையும் படிக்கட்டும்" என்றார். அந்த ஒருத்தி நான். இருநூற்றுப் பத்து விண்ணப்பங்களைத் தூக்கி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். புதன்கிழமை காலை ஆறாவது விண்ணப்பத்தில் இப்படி எழுதியிருந்தது:

'எங்கள் அப்பாவின் இரும்புக் கடை அவருடைய தலைக்குள் இருக்கிறது. எந்தக் கீல் எந்தப் பெட்டியில் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் என்றால் கடைக்கும் காய்ச்சல். கடையை அப்பாவின் தலையிலிருந்து வெளியே எடுத்து வைக்கக் கற்றுக்கொள்ளவே இந்தப் படிப்பு.'

அடடா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பத்துக்குப் பத்து போட்டேன். பதினோராவது விண்ணப்பத்திலும் அதே அப்பா. பதினெட்டாவதிலும் அவரே. இருபத்தேழாவதில் 'எங்கள் அம்மாவின் இரும்புக் கடை' என்று இருந்தது. சரி, அந்தப் பிள்ளைக்காவது கொஞ்சம் மனசாட்சி. ஒரு புத்திசாலி 'மருந்துக் கடை' என்று மாற்றியிருந்தான். மாற்றியவன் அடுத்த வரியையும் படித்திருக்க வேண்டாமா? அவனுடைய மருந்துக் கடையிலும் 'எந்தக் கீல் எந்தப் பெட்டியில்' என்பது அப்பாவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது!

சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று இரும்புக் கடைகள். அத்தனை கடைக் கீலையும் மாட்ட இந்த ஊரில் கதவுகூட இருக்காது.

மற்ற ஆசிரியர்களிடம் சொன்னபோது ஒருவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "போன வருஷம் எனக்கும் ரெண்டு வந்துதே... நான் அழுதுட்டேன்" என்றார். இன்னொருவர் மூன்று வருடங்களாக அழுதுகொண்டிருந்திருக்கிறார். நான் அழவில்லை, அதைவிட மோசம். இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒன்றை வகுப்பில் உதாரணமாகக் காட்டியிருக்கிறேன். 'ஒரு நிறுவனம் ஏன் தனி ஆளை நம்பி இருக்கக் கூடாது' என்ற பாடம். பிள்ளைகள் அன்றைக்கு ஏன் அப்படிக் குனிந்து சிரித்தார்கள் என்பது இப்போது விளங்கியது.

துறைத் தலைவர் சிரிக்கவில்லை. "காப்பி அடிச்சவங்களுக்கு இடம் இல்லை. நாப்பத்து மூணையும் தள்ளிடுங்க" என்றார். கடைசித் தேதிக்குள் விண்ணப்பதாரர் பழைய படிவத்துக்குப் பதில் புதிய படிவம் கொடுக்கலாம் என்று விதி இருப்பதை எடுத்துக் காட்டினேன். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. "சரி. வெள்ளி சாயங்காலம் நாலு மணி வரைக்கும். அதுக்கு மேல என்கிட்ட வராதீங்க" என்றார். அலுவலகத்திலிருந்து நாற்பத்து மூன்று பேருக்கும் செய்தி போனது.

நான் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எங்கள் பிள்ளைகளுக்கு எந்த நோய் வந்தாலும் அந்தக் கடை வழியாகத்தான் பரவும்.

"அண்ணே, பதினாலாவது கேள்விக்கு நீங்க பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கறீங்க?"

"நானா? நான் ஒண்ணும் சொல்றதில்லையே. அளவுதான் காட்டுவேன்."

"என்ன அளவு?"

சுவரில் ஒரு ஆணி. ஆணியில் கயிறு. கயிற்றில் ஒரு பழைய பிளாஸ்டிக் உறை. உறை மேல் லேபிள்: '14 மாதிரி'. உள்ளே மடித்து வைத்த ஒரு தாளில் நான்கு வரி மட்டும் வெளியே தெரிந்தது. அப்பா, தலை, கீல், காய்ச்சல் எல்லாம் இருந்தது.

ஒன்பது வருடம் முன்னால் ஒரு பெண்பிள்ளை அந்த நான்கு வரிக்குள் அடங்காமல் எழுதி, ஓரத்தில் எழுதி, பின்பக்கத்தில் எழுதி, மூன்று படிவங்களைப் பாழாக்கிவிட்டுக் கடையில் நின்று அழுதிருக்கிறாள். இவர் பெட்டியைத் துழாவி இந்தத் தாளை எடுத்து, "இவ்ளோதான்மா எழுதணும். இந்தப் பருமன்ல எழுதினா இடம் போதும்" என்று காட்டியிருக்கிறார். அதிலிருந்து யார் வந்து "பதினாலுக்கு எவ்ளோ எழுதணும்?" என்று கேட்டாலும் ஆணியைக் கை காட்டிவிடுவார். "ஒரு காப்பி போட்டுக்கறேண்ணே" என்பார்கள். "போட்டுக்கோ" என்பார். அளவுக்குத்தான் போட்டுக்கொள்கிறார்கள் என்று ஒன்பது வருடங்களாக நம்பியிருக்கிறார் அந்தப் புண்ணியவான்.

"எழுதி முடிச்சு உங்ககிட்டதானே காப்பி எடுக்க வர்றாங்க! ஒரு தடவையாவது பார்த்திருக்கலாமே!"

"அவங்க தாளை நான் எப்படி மேடம் படிக்கறது?"

நான் கையோடு கொண்டுபோயிருந்த இரண்டு விண்ணப்பங்களை நீட்டினேன். வழக்கப்படி கவிழ்க்கப் போனார். "கவிழ்க்காதீங்க. படிங்க" என்றேன். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் ஒரு தாளை நிமிர்த்திப் பிடித்துப் படித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உதடு அசைய அசையப் படித்தார். இரண்டாவதையும் படித்தார். காது மடல் சிவந்துவிட்டது.

எனக்கோ கோபம் அடங்கவில்லை. "எந்தப் பய எழுதின பொய்யோ தெரியல, எல்லாரையும் அழ வெச்சிட்டான்" என்றேன்.

அவர், "பழைய தாள் மேடம்" என்று மட்டும் முனகினார். பிறகு, "இப்ப அந்தப் பிள்ளைங்களுக்கு என்ன ஆகும்?" என்றார். சொன்னேன். தாள் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நாப்பத்து மூணு பிள்ளைங்க" என்றார். மறுபடியும், "நாப்பத்து மூணா மேடம்?" என்றார். கோபக்காரி ஏதோ தாள் சிக்கிக் கத்திக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. செய்தி கிடைத்த பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்? ஜெராக்ஸ் அண்ணன் கடைக்குத்தான், வேறு மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று. வந்தவர்கள் கண்டது வெறும் ஆணி. ஆணிக்குக் கீழே புது லேபிள்: 'மாதிரி இல்லை. உட்காரவும்.' உட்காருவதற்குத் தாள் வந்த அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். இரண்டு இயந்திரங்களையும் அணைத்துவிட்டார். நான் மேற்பார்வை என்று பெயர் பண்ணிக்கொண்டு ஒரு பெட்டியில் உட்கார்ந்துகொண்டேன். உண்மையில் எனக்கு வேடிக்கை பார்க்க ஆசை.

படிவத்தையும் பேனாவையும் வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "முதல்ல வாயால சொல்லு. அப்புறம் கையால எழுது" என்றார். இதுதான் அந்த இரண்டு நாளும் அவர் நடத்திய பாடம். வேறு ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. பிள்ளை சொல்லும்போது அவர் பாட்டுக்கு எதையாவது பின் அடித்துக்கொண்டிருப்பார். முகத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு வாய் அடைத்துவிடுமாம்.

முதலில் எல்லாரும் மேடைப் பேச்சுதான். "உலகப் பொருளாதாரத்தில்..." என்று ஆரம்பிப்பார்கள். "ம்" என்பார். "தொழில் முனைவோராகி நாட்டுக்கு..." "ம்." பின் அடிக்கிற சத்தம். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்புறம்தான் உள்ளே இருப்பது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

"கணக்குன்னா பயம். ரத்தத்தைப் பார்த்தா மயக்கம். மிச்சம் இருந்தது இதுதாண்ணே" என்றான் ஒருவன். "அதையே எழுது" என்றார். "திட்டுவாங்களே?" என்று என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"எங்க வீட்ல சாப்பாட்டு மேசைல எல்லா முடிவும் பெரியவங்க எடுத்துருவாங்க. நான் தட்டு எடுத்து வைப்பேன். ஏதாவது ஒரு மேசைல நான் முடிவெடுக்கணும்" என்றாள் ஒருத்தி. ஒரு பையனுக்குக் கழுத்தில் டை கட்டிக்கொண்டு மின்தூக்கியில் மேலே போக வேண்டும். எத்தனையாவது மாடி, அங்கே என்ன வேலை என்பதெல்லாம் அவன் இன்னும் யோசிக்கவில்லை. தோழி சேருவதால் சேருகிறவள் ஒருத்தி இருந்தாள். தோழியோ, இவள் சேருகிறாள் என்றுதான் சேருகிறாளாம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழித்தார்கள்.

சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அம்மாவின் மகள் ஒருத்தி வந்தாள். "அம்மா பதினஞ்சு வருஷமா காலர் தைக்கறாங்க. ஒரு மாசம் நீலம்னு சொல்வாங்க, ஒரு மாசம் வெள்ளைன்னு சொல்வாங்க. யார் சொல்றாங்கன்னு அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு அந்த ஆளைப் பார்க்கணும்" என்றாள். அவர் பின் அடிப்பதை நிறுத்திவிட்டார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

மருந்துக் கடைக்காரனும் வந்தான். அவன் அப்பா உண்மையில் பேருந்து ஓட்டுநர். "எனக்கு ஏன்னு தெரியலண்ணே. மத்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி இருந்துது. அதான் எழுதிட்டேன்" என்று தலையைத் தொங்கப்போட்டான். "தெரியலைன்னே எழுது. நாலு வரியும் வேணாம், ஒரு வரி போதும்" என்றார் அண்ணன். இருபது வருடமாக நான் வகுப்பெடுக்கிறேன். என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எதற்காக வந்தவர்கள் என்று அந்த இரண்டு நாளில்தான் கேட்டேன். சொன்னால் வெட்கம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாற்பத்திரண்டு புதிய படிவங்கள் அலுவலகத்துக்குப் போய்விட்டன. ஒன்று பாக்கி. மூன்றேகாலுக்கு ஒரு பெண்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் கறுப்பாக ஏதோ எண்ணெய்க் கறை. "இப்பதாண்ணே மெசேஜ் பார்த்தேன்" என்றாள். அவர் வழக்கமான வாக்கியத்தைச் சொல்வதற்குள் புதுப் படிவத்தை எடுத்துப் பதினான்குக்கு எழுத ஆரம்பித்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். 'எங்கள் அப்பாவின் இரும்புக் கடை...'

எனக்கு வந்ததே கோபம். "உனக்கு என்ன, காது கேக்காதா? இதனாலதானே தள்ளியிருக்கு! மறுபடியும் அதையே எழுதற?"

"வேற என்ன மேடம் எழுதறது? எங்க அப்பா இரும்புக் கடைதான் வெச்சிருக்கார்."

"எல்லாருந்தான் வெச்சிருந்தாங்க!"

"நிஜமாவே மேடம்." பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இங்க அந்தத் தாளைப் படிச்சப்ப, எங்க வீட்டுக்கு வந்து பார்த்துட்டு எழுதின மாதிரி இருந்துது. நான் எழுத நினைச்சது இதுதான். அதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல."

நான் நம்பவில்லை. நாற்பத்திரண்டு பேர் ஏமாற்றிய பிறகு நாற்பத்து மூன்றாவது ஆளை நம்ப நான் என்ன மகானா? அண்ணன்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாளில் அவர் முகம் பார்த்துக் கேட்டது இவளிடம் மட்டும்தான்.

"பாப்பா, உங்க கடையில ஆறு அங்குலக் கீல் எங்கே இருக்கு?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்பாவுக்குத்தாண்ணே தெரியும்."

அவர் எழுந்துவிட்டார். இழுப்பறையைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அவள் நான்காவது வரியை முடித்ததும் அவளிடம் "வா" என்றார். என்னிடம், "மேடம், உங்க சார் ரூம் எந்த மாடி?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருடமாக எதிரில் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஆண்டு விழாவுக்கு, விருந்துக்கு என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். "மிஷின் சூடா இருக்கு மேடம்" என்று ஏதாவது சாக்குச் சொல்வார். ஒரு நாளும் அவர் எங்கள் படியேறியதில்லை. இன்றைக்கு இரண்டு இரண்டு படியாக ஏறினார். அந்தப் பெண் பின்னால் ஓடினாள். எனக்கு முழங்கால் வலி, நான் கடைசி.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது துறைத் தலைவர் புதுப் படிவத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பும் எரிச்சலுமாக, "மறுபடியும் இரும்புக் கடையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுவரில் மணி மூன்று முப்பத்தைந்து.

"சார், மத்த நாப்பத்திரண்டும் காப்பி. இது காப்பி இல்ல" என்றார் அண்ணன்.

"நீங்க யாரு அதைச் சொல்ல?"

அண்ணன் உறையிலிருந்து தாளை எடுத்தார். ஒன்பது வருடமாக நான்கு வரி மட்டும் தெரிய மடித்து வைத்திருந்ததை முழுவதுமாக விரித்து, மேசை மேல் நிமிர்த்தி வைத்தார். எங்கள் துறையின் பழைய விண்ணப்பப் படிவம். எங்கள் பழைய முத்திரை. தேதி இருபத்தேழு வருடம் முன்னால். மேலே, பெயர் எழுதும் இடத்தில் அவருடைய பெயர்.

"என்னோடது சார்" என்றார்.

அவர் சொன்னது கொஞ்சம்தான். இடம் கிடைத்திருக்கிறது. படிக்க வந்திருக்கிறார். ஏழாவது மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம். கை போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. படிப்பை விட்டு, விண்ணப்பத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டு கடையில் போய் நின்றிருக்கிறார். "ஆள் வந்து கீல் கேப்பாங்க. அப்பா கண்ணால காட்டுவார். நான் ஏணியில ஏறிப் பெட்டி பெட்டியாத் திறப்பேன். அவர் இல்ல இல்லன்னு கண்ணை மூடுவார். அதுக்குள்ள வந்தவங்க போயிடுவாங்க. அப்பாவுக்குக் கண்ணுல தண்ணி வரும்." மேசை மேலிருந்த தாளின் மடிப்பை விரலால் நீவினார். "ஒரு வருஷம் அப்படி ஓடுச்சு. அப்புறம் அப்பா போயிட்டார். கடையும் அவர்கூடவே போயிடுச்சு சார்."

'எந்தப் பய எழுதின பொய்யோ' என்று நான் சொன்ன சொல் அந்த அறையில் எனக்கு மட்டும் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

துறைத் தலைவர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இரண்டும் ஒரே நான்கு வரி. பிறகு புதிய படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மணியையும் எழுதினார். மூன்று ஐம்பது. பழைய தாளை இரண்டு கையாலும் எடுத்து அண்ணனிடம் கொடுத்தார். "உட்காருங்களேன்" என்றார். "கடை திறந்து கிடக்கு சார்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வெளியே வந்துவிட்டார்.

கீழே, கட்டடத்தின் கடைசிப் படியில் அந்தப் பெண் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். "ரொம்ப நன்றிண்ணே. மூணு வருஷம் நல்லாப் படிச்சு..." என்று ஆரம்பித்தாள்.

"படி, படி. அது மூணு வருஷம் ஆகும்" என்றார் அவர். "அப்பா இப்போ எங்கே?"

"கடையிலதான்."

"நல்லா இருக்காரா? பேசறாரா?"

"பேசிட்டே இருப்பாருண்ணே, வாயே ஓயாது."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒட்டுத்தாள் அட்டையை எடுத்தார். மார்க்கரை எடுத்தார். படிச் சுவரில் வைத்து ஒரு தாளில் 'கீல், ஆறு அங்குலம்' என்று நிதானமாக எழுதினார். நகத்தால் கிள்ளி உரிக்கவில்லை. அட்டையோடு அப்படியே, மார்க்கரையும் சேர்த்து, அந்த எண்ணெய்க் கையில் வைத்து மூடினார்.

"இன்னைக்கே ஆரம்பி. இதை எங்கே ஒட்டணும்னு அப்பாகிட்டக் கேளு."